அறுபதுக்கு மேல் கோல்ப் பழகலாமா?

எங்கள் எலுவன்குளத்தில் ஒருவர் கோல்ப் ஆட்டம் பழகுகிறார் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். வடக்கே வில்பத்துக் காடு. மேற்கே சென்றால் கலா ஓயா களப்பில் கலக்கும் கங்கேவாடி. இடையில் தென்னையும் மரமுந்திரிகையும் செம்மண்ணும். இந்தப் பூமியில் அந்த ஆட்டத்துக்குத் திடல் ஏது? இருந்தும், ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷங்கள் சென்ற பின், எனது 62-வது வயதில், அதைப் பழகுவது என்று முடிவு செய்தேன்.

டாக்டர் நடக்கச் சொன்னார் என்பது ஒரு காரணம். நீரிழிவு உடையவனுக்கு நடை ஒரு நல்ல மருந்து அல்லவா? எங்கள் ஊரில் காலை வெயில் ஏறுமுன் நடக்கலாம். மாலை மயங்கிய பின் நடப்பது வில்பத்து யானைகளின் சௌகரியத்தைப் பொறுத்தது. ஆனால் அது வெளியே சொல்லிக்கொள்ளும் காரணந்தான். உண்மையான காரணம் கொழும்பிலுள்ள என் மகளின் மகன். அவனுக்கு வயது 13. ஆங்கிலத்தில் படிக்கிறான். விடுமுறைக்கு இங்கே வந்தால், "அம்மப்பா, சுகமா?" என்று கேட்பான், நான் "சுகம், மகன்" என்பேன். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்குமிடையே தமிழ் தீர்ந்துபோகும். மீதிப் பொழுதெல்லாம் அவன் முகம் கைத்தொலைபேசியில் கவிழ்ந்திருக்கும். அந்தப் பையன் சனிக்கிழமைதோறும் கோல்ப் பழகுகிறான் என்று மகள் சொன்னபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க ஏறக்குறைய நாலு மணி நேரம் செல்லும். கோலை வீசுவதற்குச் செலவாகும் நேரமோ சில நிமிஷங்களே. மற்றதெல்லாம் நடையும் பேச்சுமே. அந்த நாலு மணி நேரத்தை விலை கொடுத்தாவது வாங்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இன்னொன்றும் உண்டு. கிழவனும் சிறுவனும் சரிக்குச் சரி நின்று ஆடக்கூடிய ஆட்டங்கள் மிகச் சில. கிரிக்கெட்டில் அவன் எறிகிற முதற் பந்திலேயே என் கதை முடிந்துவிடும். கோல்ப் ஆட்டத்திலோ "ஹேண்டிகேப்" என்றொரு நியாயமான ஏற்பாடு இருக்கிறது. வல்லவன் வல்லமை குறைந்தவனுக்கு இத்தனை அடிகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. 2020-ம் ஆண்டு முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்திருக்கிறது. அதன்படி ஆகக்கூடிய கணக்கு 54. பேரனின் கணக்கு இப்பொழுது 28. எனக்கு 54 என்று வைத்துக்கொண்டால் அவன் எனக்கு 26 அடிகள் தரவேண்டும். அதாவது ஒவ்வொரு குழிக்கும் ஒன்று, மிகக் கடினமான எட்டுக் குழிகளுக்கு இரண்டு. ஆசிரியனாக இருந்தவனுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்தது.

"இது வெள்ளைக்காரனின் ஆட்டம், பணக்காரனின் பொழுதுபோக்கு" என்றார் என் மைத்துனர். அவர் சொன்னது பொய்யன்று. ஸ்கொத்லாந்தில் பிறந்த ஆட்டம் அது. 1457-ம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு, மக்கள் வில்வித்தையை மறந்து இதிலேயே பொழுதைப் போக்குகிறார்கள் என்று தடை போட்டது. வெள்ளையர்கள் அதைக் கல்கத்தாவுக்கு 1829-ம் ஆண்டிலும் கொழும்புக்கு 1879-ம் ஆண்டிலும் கொண்டுவந்தார்கள். கொழும்பில் முதலில் காலிமுகத் திடலில் ஆடினார்கள். 1896-ம் ஆண்டில் பொரளைக்குப் பெயர்ந்தார்கள். இன்றும் அந்தத் திடலின் ஊடாகக் களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஓடுகிறது. நுவரெலியாத் திடல் 1889-ம் ஆண்டினது. கண்டிக்கு அப்பால் திகனையில் 1999-ம் ஆண்டில் ஒன்று வந்தது. ஆனால் மைத்துனர் அறியாத பக்கமும் ஒன்று உண்டு. ஆடுபவரின் கோற்பையைச் சுமந்து செல்லும் பையனுக்குக் "கெடி" என்று பெயர். (நம்முடைய பொலிஸ்காரர் தேடும் கேடி வேறு.) அந்தக் கெடிகள் சுமந்துகொண்டே பார்த்தார்கள், பார்த்தே படித்தார்கள். பெங்களூரில் கெடியாக இருந்த முனியப்பா 2009-ம் ஆண்டில் இந்தியன் ஓப்பன் போட்டியையே வென்றார். நம் நாட்டுத் தங்கராஜா இந்தியத் தொழின்முறைப் போட்டிகளில் பட்டங்கள் பெற்றவர். பணக்காரர் வீட்டு முற்றத்தில் வளர்ந்தாலும் வித்தை வித்தைதான்.

நிற்க, கோல்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகப் பழகுகிறவன் முதலில் போவது கடைக்கு. கொழும்பில் ஒரு கடையில் நானும் நுழைந்து பார்த்தேன். விற்பனையாளர் இளைஞர், மிகவும் மரியாதையானவர். பளபளக்கும் முழுத் தொகுதி ஒன்றைக் காட்டினார். ஆட்ட விதிப்படி ஒருவர் 14 கோல்கள் வரை கொண்டு செல்லலாம். ஆகையால் 14-ம் வேண்டும் என்பது அவருடைய வாதம். விலையை நான் ரூபாயில் எண்ணவில்லை, தேங்காயில் எண்ணினேன். இரண்டு மாதத்துக்கொருமுறை நடக்கும் பறிப்பில், என் சிறு தோட்டத்தின் மூன்று பறிப்புப் பணம் அப்படியே போய்விடும். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முதலில் ஆசிரியர், பிறகு கோல் என்று மனத்துக்குள் முடிவாயிற்று.

இந்த வரிசைக்குத் தக்க காரணம் இருக்கிறது. கோலின் நீளமும் தண்டின் வளைவும் அதைப் பிடிப்பவனின் உயரத்துக்கும் வீச்சின் வேகத்துக்கும் பொருந்த வேண்டும். வீச்சே இன்னும் பிறக்காதவனுக்கு அளவு எடுப்பது எப்படி? மணமகன் யாரென்று தெரியுமுன் சட்டை தைப்பதுபோலாகும். எனக்கு வாய்த்த ஆசிரியர் மலையகத்திலிருந்து வந்தவர். சிறுவயதில் கெடியாக இருந்தவர். முதல் மூன்று பாடங்களுக்குத் தம்முடைய கோலையே தந்தார். அதன் பிறகு அவரே பார்த்துப் பழைய கோல்களில் ஐந்தைத் தெரிந்து கொடுத்தார்: ஏழாம் எண் இரும்பு, ஒன்பதாம் எண் இரும்பு, மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கும் வெட்ஜ், தூரத்துக்காக ஹைபிரிட் என்ற ஒன்று, பச்சைத்தளத்தில் பந்தை உருட்டும் பட்டர். இடது கைக்கு ஓர் உறை. அவ்வளவே. மொத்தச் செலவு ஒரு பறிப்பில் பாதியைத் தாண்டவில்லை.

எல்லாரும் ஆசைப்படும் நீண்ட கோலாகிய டிரைவரை அவர் வாங்க விடவில்லை. அதன் முகத்தில் சாய்வு மிகக் குறைவு, பத்துப் பாகை அளவுதான். ஏழாம் இரும்புக்கோ முப்பது பாகைக்கு மேல். சாய்வு குறையக் குறைய, அடி சிறிது கோணலானாலும் பந்து வெகுதூரம் பக்கவாட்டில் ஓடிவிடும். ஆகவே தொடக்கக்காரனுக்கு டிரைவர் நண்பனல்ல. (இப்பொழுது டிரைவரின் தலை உலோகம். முற்காலத்தில் பர்சிமன் என்ற அமெரிக்க மரத்தில் செய்தார்கள். அது நம் வில்பத்துக் காட்டுக் கருங்காலிக்கு நெருங்கிய இனம் என்று அறிந்தபோது எனக்குக் காரணமில்லாமல் ஒரு சந்தோஷம்!)

முதல் பாடத்தில் பந்தே இல்லை. ஒரு மணி நேரமும் பிடிதான். கோல் இடக்கை விரல்களின் அடியில் கிடக்க வேண்டும், உள்ளங்கையில் அன்று. வலக்கை அதற்குக் கீழே வந்து இடக்கைப் பெருவிரலைத் தன் உள்ளங்கையால் மூடவேண்டும். எவ்வளவு இறுக்கம் என்று கேட்டேன். "ஐயா பிள்ளைங்களுக்கு எழுதப் பழக்கினவர்தானே? கையப் பிடிச்சு 'அ' எழுத வைக்கிறப்போ எப்படிப் பிடிப்பீங்க? அப்படிப் பிடிங்க" என்றார். விட்டுவிடவும் கூடாது, நோகவும் கூடாது. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் கையைப் பிடித்தவனுக்கு வேறு உதாரணம் வேண்டியிருக்கவில்லை.

பிறகு நிற்கும் முறை. கால்கள் தோளகலம், முழங்கால் சிறிதே தளர்ந்து, முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து குனிய வேண்டும். இரும்புக் கோல்களுக்குப் பந்து இரு பாதங்களுக்கும் நடுவில். இவற்றைப் படிப்பது கடினமன்று. கடினமெல்லாம் வீச்சில்தான் இருக்கிறது. "அடிக்காதீங்க ஐயா, வீசுங்க" என்று அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். சொல் விளங்கியது, உடம்புக்கு விளங்கவில்லை. சிறுவயதில் கிட்டிப்புள் ஆடியவர்களுக்குப் பந்தைக் கண்டால் மணிக்கட்டு துடிக்கும். கையாலேயே அடித்துவிடத் தோன்றும்.

அது எனக்கு விளங்கிய இடம் கங்கேவாடி. ஒருநாள் காலை, இடுப்பளவு நீரில் நின்று ஒருவர் வீச்சுவலை எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் காட்சிதான். ஆனால் அன்று மாணவனின் கண்ணோடு பார்த்தேன். வலையை மடித்துக் கையில் ஏந்தியபடி அவர் உடம்பை வலப்புறம் திருப்பினார். தோள் நன்றாகத் திரும்பியது. இடுப்பு அதில் பாதி திரும்பியது. பாரம் வலக்காலுக்குச் சென்றது. ஒரு கணம் நிதானம். திரும்பி வரும்போது முதலில் அசைந்தது கையன்று, இடப்பக்கத்து இடுப்பு! அதன் பின் மார்பு, அதன் பின் தோள், எல்லாவற்றுக்கும் கடைசியிலே கை. கைகள் எதையும் தள்ளவில்லை. உடம்பு கொண்டுவந்த வேகத்தை வலைக்குக் கொடுத்தன. வலை வட்டமாக விரிந்து விழுந்தது. அவரோ பாரமெல்லாம் இடக்காலில் நிற்க, நெஞ்சு நீரை நோக்க, சற்றும் தடுமாறாமல் நின்றார். ஆசிரியர் எனக்கு மூன்று பாடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது முழுவதும் அந்த ஒரு வீச்சில் இருந்தது. அந்த மனிதர் கோல்ப் என்ற சொல்லையே கேட்டிருக்கமாட்டார்.

அடுத்த பாடத்தில் வலை எறிகிறவனாக என்னை நினைத்துக்கொண்டு வீசினேன். பந்து "டக்" என்ற ஓசையோடு எழுந்தது. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு பந்தை வைத்தார். அவர் பாராட்டும் முறை அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தையும் அவர் மெல்லக் களைந்தார். உயர்த்துவது கோல்முகத்தின் சாய்வுடைய வேலை. நம்முடைய வேலை இறங்கும் வீச்சில் முதலில் பந்தையும் அதன் பின்னர் புல்லையும் தொடுவது.

மாதம் ஒரு பாடந்தான் எனக்குக் கட்டுபடியாகும். இங்கிருந்து புத்தளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொரு பஸ் என்றால் வேறென்ன செய்வது? ஆனால் அது நல்லதென்றே படுகிறது. ஒரு பாடத்தில் ஒரு விஷயம். மாதம் முழுவதும் அதே பயிற்சி. வாரம் மூன்று பாடம் எடுத்துக் குழம்புகிற பிள்ளைகளைக் கொழும்பில் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு என் தோட்டமே போதும். இரண்டு தென்னைகளுக்கு இடையே பழைய மீன்வலை ஒன்றை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். வலைக்கண் சிறிதாக இருத்தல் வேண்டும். பந்தின் குறுக்களவு 43 மில்லிமீற்றருக்கும் குறைவு, பெரிய கண்ணில் புகுந்து ஓடிவிடும். வலையைத் தளர்வாகவே கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பிவந்து நெற்றியைப் பதம் பார்க்கும். கோடையில் எங்கள் செம்மண் பாறையாகிவிடுவதால் மணிக்கட்டைக் காக்க மணல் பரப்பி அதன்மேல் தும்பு விரிப்பைப் போட்டுக்கொள்கிறேன்.

மாலையில் உருட்டும் பயிற்சி. இதைப் பலர் அலட்சியம் செய்வது ஆச்சரியந்தான். பதினெட்டுக் குழிகளுக்கு வகுத்த அடிகள் 72 என்றால், அந்தக் கணக்கில் குழிக்கு இரண்டாக 36 அடிகள் பச்சைத்தளத்தில் உருட்டுவதற்கென்றே வைத்தவை. சரிபாதி! அதற்கு வலிமை வேண்டாம், இளமை வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும். தேங்காய் உலர்த்தும் சிமெந்துக் களத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்து அதை நோக்கி உருட்டுகிறேன். தோட்டத்தின் மூலையில் கடகம் ஒன்றை வைத்து, பத்துப் பாகம் தள்ளி நின்று அதற்குள் பந்தைப் போடப் பழகுகிறேன். என் மனைவி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். இப்பொழுது கடகத்துக்குள் எத்தனை விழுந்தது என்று சமையற்கட்டிலிருந்தே கேட்கிறாள்.

போன மாதம் பேரனோடு முதன்முறையாக ஒன்பது குழிகள் ஆடினேன். அடிகளின் எண்ணிக்கையை இங்கே எழுதுவதற்கில்லை. நாலாவது குழியில் அவனுடைய பந்து நீரில் விழுந்தது. "வோட்டர்ல போயிட்டு, அம்மப்பா" என்றான். எங்கள் ஊரில் அதைக் குளம் என்போம், கடலோடு சேர்ந்தால் களப்பு என்போம் என்றேன். அப்படியானால் கங்கேவாடியில் இருப்பது எது என்று கேட்டான். ஆற்றுமுகம், கண்டல், வீச்சுவலை என்று பேச்சு ஆறாவது குழிவரை நீண்டது. அவனுக்குத் தெரியாத சொற்களை அவன் கேட்டான். ஆட்டத்தில் எனக்குத் தெரியாதவற்றை நான் கேட்டேன். ஏழாவது குழியில் என் உருட்டு ஒன்று எட்டு அடி தூரத்திலிருந்து நேரே உள்ளே போயிற்று. சிரட்டைக்கு உருட்டியவனுக்கு அந்தக் குழி அகலமாகவே தோன்றியது.

டிசம்பர் விடுமுறையில் அவன் இங்கே வருகிறான். வலை எறிகிறவரைக் காட்டும்படி கேட்டிருக்கிறான். டிரைவர் விஷயத்தை ஆசிரியரிடம் மறுபடி எடுத்தேன். "சித்திரைக்குப் பொறகு பாப்போம் ஐயா" என்கிறார்.