விதியல்ல, கயிறு!

தளவாய்புரத்திற்கு மேற்கே தலைநிமிர்ந்து நிற்கிறது மலை. அதன் அடிவாரத்தை நோக்கி அணிவகுத்து நிற்கின்றன தென்னந்தோப்புகள். அவற்றுள் ஒன்றில்தான், 1983ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில், ஒரு மனிதர் மரத்திலிருந்து விழக் கண்டேன். அவரை ஏறச் சொன்ன வாய், என் வாய்!

அன்று எனக்கு வயது 16. அவரோ என் தந்தையினும் மூத்தவர். ஆயினும் 'வா, போ' என்றே அழைப்பேன். மரமேறிக்கு மரியாதை எதற்கு என்று ஊர் கற்பித்திருந்தது, நானும் கற்றிருந்தேன்.

"மரம் வழுக்குது, சின்ன முதலாளி. வெயில் வரட்டும், நாளைக்கு ஏறுறேன்" என்றார்.

"வியாபாரி வண்டி காத்துக் கிடக்கு. ஏறு!" என்றேன். ஏறினார்.

அவரிடம் இருந்தவை யாவை? காலிலே தளைக்கயிறு, இடுப்பிலே அரிவாள், நெஞ்சிலே துணிவு. மரத்தோடு உடலைப் பிணைக்கும் கயிறு ஒன்று இல்லை. பாசி படர்ந்த மரத்திலே பாதம் வழுக்கியது. 60 அடி உயரத்திலிருந்து விழும் உடல் 2 நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும். அலறி முடிக்கவும் அவகாசமில்லை. மூன்றாம் நாள் அவர் மறைந்தார்.

"விதி முடிந்தது" என்றது ஊர். விதியாம், விதி! ஈரமரத்தில் ஏற்றியது விதியா? உயிரினும் வண்டியைப் பெரிதாக மதித்தது விதியா? விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டு வீதியிலே நிமிர்ந்து நடந்தேனே, அந்த வெட்கத்தை எங்கே இறக்கி வைப்பேன்?

கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தில், செம்பேரி ஜோசப் என்ற உழவர் ஏறும் கருவி ஒன்றை அமைத்தார். இரண்டு இரும்புச் சட்டங்கள். மரத்தைச் சுற்றிக் கம்பிவடம். மிதித்தால் உடலின் எடையே வடத்தை இறுக்கும். காலைத் தூக்கினால் தளரும். ஒன்றில் நின்று மற்றதை உயர்த்தி ஏறலாம். 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது பெண்களும் வந்து கற்றனர். கருவி எவரையும் சாதி கேட்பதில்லை, தோழர்களே!

மரத்தை வீழ்த்தவும் முறையுண்டு. சாயவேண்டிய பக்கத்தில் முதலில் வாய்போல வெட்டு; எதிர்ப்பக்கத்தில் சற்று உயரத்தில் அறுப்பு; இடையிலே சிறிது மரம் அறாமல் நிற்கவேண்டும். கதவுக்குக் கீல்போல அதுவே மரத்தை வழிநடத்தும். முற்றும் அறுத்தால் மரம் எப்பக்கமும் சாயும். வீடு அருகிருந்தால் நுனியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, வடம் கட்டி இறக்கவேண்டும். மின்கம்பி அருகிருந்தால், மின்சாரத்தை நிறுத்தாமல் ஏறலாகாது.

சென்ற திங்கள் என் தோப்புக்குக் கருவியோடு வந்தார் ஓர் இளைஞர். இடுப்பிலே பாதுகாப்பு வார் இல்லை. கேட்டேன்.

"எங்க தாத்தா காலத்துல பெல்ட்டு ஏதுய்யா?" என்று சிரித்தார்.

"அந்தக் காலத்தில் விழுந்தார்களே, தம்பி" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. வார் வந்த பிறகே மரம் ஏறினார். அரைநாள் போயிற்று, போகட்டும்.

தோப்புடையோரே! கூலி பேசுமுன் கயிற்றைக் கேளுங்கள். அது இல்லையெனில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அதன் விலையை நான் அன்று கொடுக்கவில்லை. ஒரு குடும்பம் கொடுத்தது.