கட்டாயம் நிரப்பவும்

ஞாயிற்றுக்கிழமை மதியம். மஸ்கெலியா நகரில் ஒரு கொமினிகேஷன் கடை. வாங்கில் ஐந்தாறு பேர். ஆளுக்கொரு பொலித்தீன் உறை. உள்ளே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ். 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். வந்தது, அதையடுத்து அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான விபரங்களும் கணினிக்குள் போயின. இன்று வந்திருப்பது இன்னொரு ஒன்லைன் படிவம்.

முதலில் ஓர் அம்மா. தேயிலைக் கொழுந்துக்கறை ஏறிக் கறுத்த விரல்நுனிகள். கடைப் பையன் அவருடைய அட்டையைப் பார்த்துத் தட்டுகிறான்: ஒன்பது இலக்கம், கடைசியில் 'வி'. திரையில் சிவப்பெழுத்து: 'பிழை.' என்ன பிழை? படிவம் வாய் திறக்கவில்லை.

2016இலிருந்து அடையாள அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கம். அம்மாவுடையது பழையது. பையன் முன்னால் 19 சேர்க்கிறான், பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு பூஜ்யம் நுழைக்கிறான், 'வி'யை அழிக்கிறான். பச்சை விழுகிறது. கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. அதைச் செய்யச் சொல்லி யாரும் எழுதிவைக்கவில்லை.

அடுத்த கட்டம்: வீட்டு இலக்கம், வீதி. இரண்டுக்கும் நட்சத்திரக் குறி. நிரப்பாமல் நகர முடியாது.

"லயத்துல ஏது தம்பி வீதி?"

"சரிம்மா. எந்த டிவிசன்?"

"கீழ்ப்பிரிவு. கோயிலுக்குப் பக்கத்து லயம்."

லய வரிசை வீடுகளில் வாழ்ந்து, தலைமுறைகளாகத் தோட்டத்துப் பெயருக்கு, தோட்டத்து ஆபீசுக்கே கடிதம் வந்து பழகிய மக்கள் இவர்கள். பையன் வீதிக் கட்டத்தில் பிரிவையும் லயத்தையும் எழுதிவிடுகிறான்.

கடைசியில் ஓ.டி.பி. போன் கொழும்பில் வேலை செய்யும் மகளிடம். அவள் எடுத்து இலக்கத்தைச் சொல்வதற்குள் நேரம் முடிந்து, நிரப்பியதெல்லாம் வெறுமையாகிறது. அம்மா தன்மேல்தான் தப்பு என்பதுபோல் தலைகுனிகிறார். பையன் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து தொடங்குகிறான்.

அவன் செய்வதெல்லாம் படிவமே செய்யக்கூடியவை. ஒவ்வொன்றாகக் கேட்பது, பிழை எங்கே என்று சொல்வது, பழைய இலக்கத்தைத் தானே மாற்றிக்கொள்வது, வீதிக்குப் பதில் 'எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம்' என்று விசாரிப்பது, பாதியில் நின்றாலும் எழுதியதைக் காத்துவைப்பது. எதற்கும் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். படிவத்தை எழுதுகிறவருக்கு இந்த அம்மாவைத் தெரிந்திருந்தால் போதும். படிவம் வடிவமைப்பவர்கள் முதல் பிரதியை இந்த வாங்கில் இருப்பவர்களிடம் கொடுத்து நிரப்பச் சொல்லட்டும். அவர்கள் தடுக்கி நிற்கும் இடமெல்லாம் படிவத்தின் பிழை.