சுங்கை பூலோவில் தில்லை மரம்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை விடுமுறையில் எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் சுங்கை பூலோ சதுப்புநிலம். கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சிறிது தூரம்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது. கிளம்பும்முன் கடல் நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர் வற்றினால் சேறு தெரியும். உச்சந்தலையில் கண்களை வைத்துக்கொண்டு, துடுப்பை ஊன்றி நகரும் மட்ஸ்கிப்பரைப் பார்த்ததும் எங்களுடன் வந்த மூன்றாம் வகுப்புப் பையன், "இது மீனா? தண்ணிக்கு வெளியே எப்படி உயிரோட இருக்கு?" என்றான். தோல் ஈரமாக இருக்கும்வரை தோல் வழியாகவும் அது மூச்சு விடும். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அது ஒரு சின்னக் குட்டையில் உருண்டு உடம்பை நனைத்துக்கொண்டது. அவனுக்கு என் விளக்கம் தேவைப்படவில்லை.

நீர் ஏறும்போது வெளியே உள்ள சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும். அப்போது வலசைப் பறவைகள் உள்ளே இருக்கும் குளங்களுக்கு வரும். இவை பழைய இறால் பண்ணைக் குளங்கள். 1986இல் பறவை ஆர்வலர்கள் சிலர் இந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டார்கள். 1993இல் இது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்றும் மதகுகளைத் திறந்து மூடித்தான் நீர்மட்டத்தைச் சரிசெய்கிறார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை பவளக்கால் உள்ளானையும் பச்சைக்கால் உள்ளானையும் இங்கே பார்க்கலாம். கால் நிறத்தை வைத்தே பெயர் என்பதால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே பதறுபவன் நான். ஆனால் இங்கே மரப்பாதையில் பிள்ளைகளை ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னேன். சேற்றுக்குள்ளிருந்து 'டக், டக்' என்று சத்தம். கொடுக்கைச் சொடுக்கும் ஒருவகை இறாலின் சத்தம் அது. அதே நேரம் பக்கத்தில் ஒரு பள்ளிக் குழு பயிற்சித்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓர் உடும்பு நிதானமாக நீந்திப் போனது. தாளை வீட்டுக்குப் போய் எழுதக் கூடாதா?

இந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம். பிச்சாவரத்தில் வளரும் அதே இனம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மலாயிலும் அதனால்தான் 'பூத்தா பூத்தா' என்கிறார்கள். பூத்தா என்றால் குருடு. தமிழ்ப் பாடவேளைக்கு வெளியே தமிழ் பேசாத ஒரு சிறுமி, "அப்போ இது தமிழ் மரமா?" என்று தமிழிலேயே கேட்டாள். இந்தக் கரையும் அதற்குச் சொந்த ஊர்தான் என்றேன். "தில்லை, தில்லை" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

தொப்பி, தண்ணீர், கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப்பாலத்தில் நின்றால் முதலையும் கண்ணில் படலாம். மரக்கட்டை என்று நினைப்பதை இரண்டாம் முறை பாருங்கள். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள்.