கரைத்தால் தொலைவது

“தூய்மைச் சோதனையில் தேறிவிட்டது, ஆனாலும் நான் தேடிய படிகம் இது அல்ல.” மருந்தாக்கவியல் ஆய்வாளரான என் அறைத்தோழி ஒரு மாலை இவ்வாறு சொன்னபோது, மொழியியல் படித்த எனக்கு அது புதிராகவே இருந்தது. மூலக்கூறு ஒன்றுதான், படிகத்துள் அது அடுக்கப்பட்ட முறை வேறு என்று அவர் விளக்கினார். இதற்குப் பல்லுருத்தன்மை என்று பெயர்.

அடுக்குமுறை மாறினால் என்ன நேரும்? எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் 1996இல் சந்தைக்கு வந்தது. 1998இல் அதன் கேப்சூல்கள் கரைவுச் சோதனையில் தோற்கத் தொடங்கின. அதுவரை அறியப்படாத இரண்டாம் படிக வடிவம் ஒன்று உள்ளே படிந்திருந்ததை நுண்ணோக்கியும் எக்ஸ் கதிர்ச் சோதனையும் காட்டின. அது முதல் வடிவத்தைவிட நிலைத்தது; மிகக் குறைவாகவே கரைவது. கேப்சூல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மருந்தை மீண்டும் வடிவமைக்க நேர்ந்தது.

தூய்மையை அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியால் இந்த வேறுபாட்டைக் காண இயலாது. அதற்கு மாதிரியை முதலில் கரைக்க வேண்டும். கரைந்ததும் படிகமே இல்லாமற் போகிறது. எனவே திண்மத்தைத் திண்மமாகவே ஆராய்கிறார்கள். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, படிகத் தளங்களின் இடைவெளிகளைக் காட்டுகிறது. வெப்பப் பகுப்பாய்வு, உருகுதலையும் வடிவ மாற்றத்தையும் காட்டுகிறது. அகச்சிவப்பு, இராமன் நிறமாலைகள் மூலக்கூற்றின் அதிர்வுகளைக் காட்டுகின்றன. ஒன்றின் சான்றை மற்றொன்றால் சரிபார்க்கிறார்கள். மாதிரியை அரைப்பதே சில வேளைகளில் வடிவத்தை மாற்றிவிடும் என்பதால் அதிலும் கவனம் தேவை.

அன்றிரவு என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திறந்தேன். உரைகளைச் சொற்களாகப் பிரித்து, எண்ணி, அட்டவணையிட்டு, இரண்டு உரைத்தொகுதிகளும் ஒத்தவை என்று முடித்திருந்தேன். “நேற்று வந்த பையன் பேசினான்”, “வந்த பையன் நேற்று பேசினான்” என்னும் இரு தொடர்களுக்கும் என் அட்டவணை ஒரே விடையைத்தான் தரும். முதல் தொடரில் வருகை நேற்று. இரண்டாவதில் பேச்சு நேற்று. தொடரமைப்பைப் பற்றிய கேள்வியை, தொடரைக் கரைத்துவிடும் முறையிடம் கேட்டிருக்கிறேன்.

அட்டவணையில் பிழை இல்லை. அது என் கேள்விக்குரிய சான்று அன்று, அவ்வளவே. ஆறு மாத உழைப்பைப் பின்னிணைப்புக்கு நகர்த்திவிட்டு, அந்த இயலை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறுபாடு இல்லை என்று எழுதுமுன், அந்த வேறுபாட்டைக் காணும் ஆற்றல் நம் கருவிக்கு உண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம், நண்பர்களே.