பத்து ஆம்பியர் ரிலே இதுக்கு ஆகாது

திருவனந்தபுரம் சாலை பஜாரில் மலையாளம் தெரியாமலே காலம் தள்ளிவிடலாம். திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அந்தக் கடைத்தெருவில் நாகர்கோவில், நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக வியாபாரம் செய்கின்றன. மளிகைக்கடைகளையும் பாத்திரக்கடைகளையும் தாண்டி ஒரு சந்துக்குள் போனால், மாடியில் ஆம்ப்ளிபையர் அசெம்பிள் செய்யும் ஒரு அண்ணாச்சியின் பட்டறை. டிவி, புளூடூத், சிடி, ரெக்கார்டு பிளேயர் நாலில் எது பாட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இன்புட் செலக்டரை அவர் ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் வைத்துச் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

ரிப்பேருக்கு வந்த பழைய ஆம்ப் ஒன்று திறந்து கிடந்தது. ஆடியோ வயர் செருகும் பின்கள் பின்பக்கம். தேர்ந்தெடுக்கும் ரோட்டரி சுவிட்ச் முன்பக்கம். நடுவில் ஷீல்டு வயர்கள் டிரான்ஸ்பார்மரை உரசியபடி முன்னால் போய், திரும்பப் பின்னால் வருகின்றன. வழியில் ‘புர்ர்’ என்ற இரைச்சலையும் வாங்கிக்கொள்கின்றன. ரிலே வைத்தால் இந்த ஊர்வலம் வேண்டாம். பின்களுக்குப் பக்கத்திலேயே ரிலே போர்டு உட்கார்ந்துவிடும். முன்பக்கக் குமிழுக்குப் போவது வெறும் 12 வோல்ட் டிசி. பாட்டு அந்தப் பக்கமே போகாது.

மேசையில் இரண்டு ரிலேக்களை எடுத்து வைத்தார். ஒன்று நீலச் சதுரக்கட்டி, 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று மேலேயே அச்சடித்தது. ஸ்டெபிலைசரில் எல்லாம் இருக்கும். இன்னொன்று அதைவிடச் சின்னது, விலையோ கூடுதல். பெரியதுதான் உழைக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

"பெருசு மோட்டாருக்கு. பாட்டுக்கு ஆகாது, பாத்துக்கிடுங்க."

காரணம் வெள்ளி. பெரிய ரிலேயின் முனைகள் வெள்ளிக் கலவை. காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கொலுசு கறுக்கிற மாதிரி அவையும் கறுக்கும். மோட்டார் ஓடும் மின்சாரம் ஒவ்வொரு முறையும் சிறு பொறி கிளப்பி அந்தப் படலத்தை எரித்துவிடும். சிடி பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட். அது 47 கிலோ ஓம் இன்புட்டுக்குள் போகும்போது ஓடுவது 40 மைக்ரோ ஆம்பியர் சொச்சம். அதற்குப் படலத்தை உடைக்கும் தெம்பு கிடையாது. ரெக்கார்டு பிளேயர் கார்ட்ரிட்ஜில் வருவது இன்னும் மோசம், 5 மில்லிவோல்ட்தான். அதை ஒரு ப்ரீஆம்ப்பில் உயர்த்திய பிறகே செலக்டருக்குள் விடுகிறார்கள். இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள ஊர் இது. கொஞ்ச நாளில் ஒரு பக்க ஸ்பீக்கர் மங்கும், பெட்டியைத் தட்டினால் திரும்ப வரும். சின்ன சிக்னல் ரிலேயில் முனைக்குத் தங்க முலாம், சுற்றிலும் அடைத்த பெட்டி. இதை வாங்கும்போது டேட்டா ஷீட்டில் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பயனில்லை. எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் நம்பகமாக வேலை செய்யும் என்ற வரியைத் தேட வேண்டும்.

கேரளத்துக்கு இந்தச் சாமான்கள் புதிதல்ல. அமெரிக்காவின் ஓக் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பிறந்த கொச்சியின் ஓ.இ.என். ரோட்டரி சுவிட்சும் செய்தது, ரிலேயும் செய்தது. 1973-ல் கே.பி.பி. நம்பியார் தலைமையில் திருவனந்தபுரத்தில் மாநில அரசின் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான கெல்ட்ரான் தொடங்கியது. அண்ணாச்சி வயதுக்காரர்களுக்கு அது முதலில் ஒரு டிவியின் பெயர்.

சால்டரிங் வேலை ஐ.டி.ஐ. படித்த மலையாளிப் பெண்ணுடையது. ரிலே காயிலுக்கு மின்சாரம் நிற்கும் நொடியில் எதிர் வோல்டேஜ் ஒன்று குதிக்கும். விட்டால் ஸ்பீக்கரில் ‘டப்’ கேட்கும், டிரான்சிஸ்டரும் போகும். அதற்குத்தான் டயோடு. ரிலேயை இயக்க இவர்கள் போடும் யு.எல்.என். 2003 ஐசிக்குள்ளேயே டயோடுகள் உண்டு. ஆனால் ஒன்பதாம் காலை 12 வோல்ட்டோடு சேர்த்தால்தான் அவை வேலை செய்யும். அந்தக் காலுக்கு முதலில் ஈயம் வைத்துவிட்டுத்தான் அந்தப் பெண் மற்றவற்றைத் தொடுகிறார். "மறந்நு போகும், அதான் ஆத்யம்" என்றார், பாதி மலையாளத்தில்.

சோதனை வேடிக்கையானது. அண்ணாச்சி சிடியில் பாட்டை ஓடவிட்டு, ஒன்றுமே செருகாத இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, வால்யூமை முழுக்கத் திருப்பினார். எதுவும் கேட்கக் கூடாது. ஆனால் ஸ்பீக்கரில் காதை வைத்தால் பாட்டு மெலிசாகக் கசிந்தது. போர்டைத் திருப்பிப் பார்த்து, தேர்ந்தெடுக்காத இன்புட்டுகளை ரிலேயின் ஓய்வு முனை வழியாக கிரவுண்டில் சேர்த்தார். நேரடியாகச் சேர்த்தால் பிளேயரின் அவுட்புட் ஷார்ட் ஆகும் என்று நடுவில் ஒரு ரெசிஸ்டர். மறுபடி சோதித்தபோது கசிவு நின்றிருந்தது. ரிலே வைத்தால் பாட்டு இனிக்கும் என்று சிலர் விற்கிறார்கள். நான் நம்பவில்லை, அண்ணாச்சியும் அப்படிச் சொல்லவில்லை. இரைச்சல் சேராது, அவ்வளவுதான்.

இந்தப் பெட்டி கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்க்கும் ஒருவருக்கு. பாதியில் போன் செய்து ரிமோட்டும் வேண்டும் என்றார். அண்ணாச்சி முனகினாரே தவிர மறுக்கவில்லை.

"ரிலேயத் தொடாம சேத்துரலாம். குமிழுக்குப் பதிலா ஒரு ரிசீவர் அந்த 12 வோல்ட்டக் குடுக்கப் போவுது. பழைய ரோட்டரியா இருந்தா மோட்டார் வச்சுல்லா திருப்பணும்!"