வெட்டிய காட்சி எங்கே போகிறது?

கலியாண வீடியோ பார்க்கும்போது ஒரு காட்சி போய் மறு காட்சி வருகின்ற இடத்தை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவார். அடுத்துப் பார்த்தால் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். இடையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அந்த இரண்டையும் ஒட்டவைக்கிறவருக்கு அந்த ஒரு செக்கன்தான் முழு வேலையும். கடந்த சில மாதங்களாக அந்த வேலை எனக்கு வாய்த்திருக்கிறது. சகோதரிகள் பலரின் வீட்டு அலுமாரியிலும் இப்படியொரு பழைய கெசட் இருக்கும் என்பதால் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் மூத்த சகோதரியை வீட்டில் எல்லோரும் "தாத்தா" என்றே அழைப்போம். அவருடைய கலியாணம் 1993 மே மாதக் கடைசியில் கொட்டாஞ்சேனையில் நடந்தது. அப்போது நாங்கள் ஜம்பட்டா வீதிப் பக்கம் குடியிருந்தோம். அந்த மாதம் முதலாம் திகதிதான் ஜனாதிபதி பிரேமதாச ஆமர் வீதியில் மே தின ஊர்வலத்தின்போது குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். எங்கள் வீட்டுக்கு அது நடந்து போகும் தூரம். சனங்களுக்கு வெளியே வரவே பயமாக இருந்த நாட்கள். அழைத்தவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டு இருட்டுமுன் புறப்பட்டு விட்டார்கள். அதனால் மூன்று மணித்தியாலக் கெசட்டில் பாதிகூட நிரம்பவில்லை.

அந்நாளில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டையும் ஒரே கமெராக்காரர்தான் எடுப்பார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெண்கள் கூடும்போது கெசட்டை டெக்கில் போட்டுப் பார்ப்போம். முடிந்ததும் அது அலுமாரிக்குள் போய்விடும். வீட்டுக்கு வெளியே அது போனதே கிடையாது. இப்போது தாத்தாவின் மகள் மெல்பேர்னில் இருந்துகொண்டு, "உம்மாட கலியாணத்த எனக்கு வட்ஸ்அப்பில அனுப்புங்க" என்கிறாள். வட்ஸ்அப்பில் போனது எத்தனை பேர் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? இதைக் கேள்விப்பட்டவுடன் எங்கள் சாச்சியின் மகள் எனக்கு டெலிபோன் எடுத்தாள். கலியாணத்தன்று அவளுக்கு 16 வயது. தலையில் முந்தானைகூட இல்லாமல், பூ வைத்துக்கொண்டு, கமெராவைக் கண்ட இடமெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பாள். இன்று அவள் மூன்று பிள்ளைகளின் தாய். ஒழுங்காக ஹிஜாப் அணிகிறவள்.

"சின்னத் தாத்தா, நான் வார இடமெல்லாம் வெட்டிட்டுக் குடுங்க. ஒண்ணும் மிச்சம் வைக்க வாணாம்" என்றாள். நானும் வாக்குக் கொடுத்தேன்.

இப்போது நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். காலி வீதியில் இறங்கினால் கெசட்டை மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் மாற்றிக் கொடுக்கிற பையன் அதை முழுவதும் பார்த்துக்கொண்டுதானே இருப்பான்? அதனால் வீட்டிலேயே செய்வதென்று முடிவெடுத்தோம். எங்கள் டெக் எப்போதோ பழுதாகிவிட்டது. புதிதாக வாங்கவும் வழியில்லை. உலகத்தில் கடைசியாக வீ.எச்.எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் பூனாய் கம்பனியும் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடுகின்ற டெக் ஒன்று இருந்தது. அதைத் துணியில் சுற்றி, த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கெசட்டிலிருந்து கொம்பியூட்டருக்கு ஏற்றுவதில் அவசரம் செல்லாது. ஒரு மணித்தியாலப் படத்துக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டே ஆகவேண்டும்.

படம் திரையில் வந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த இதயங்கள்தான். ஞாபகம் இருக்கிறதா? ஒரு சிவப்பு இதயம் நடுவில் தோன்றிப் பெரிதாகி, அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை வருவார். பூ விரியும், பக்கம் புரளும். இன்று பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு சாதாரணமானதல்ல. ஒரு காட்சியை வெட்டி அடுத்ததை ஒட்டுவதற்கு இரண்டு டெக் போதும்: ஒன்று ஓட, மற்றது பதிய. ஒரு காட்சிக்குள்ளிருந்து மற்றக் காட்சி வரவேண்டும் என்றால் இரண்டு டெக் ஒரே நேரத்தில் ஓடவேண்டும், நடுவில் மிக்சர் வேண்டும், பதிவதற்கு மூன்றாவது டெக் வேண்டும். இரண்டு காட்சியும் ஒரே கெசட்டில் இருந்தால் ஒன்றை வேறு கெசட்டில் பிரதி எடுக்கவேண்டும். பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கும். இவ்வளவும் செய்து ஸ்டூடியோக்காரர் எங்கள் தாத்தாவுக்கு ஆறு இதயம் போட்டிருந்தார்.

ஒரு காட்சி கரைந்து மற்றக் காட்சி தோன்றும் வித்தை கெசட்டுக்கு எவ்வளவோ முந்தியது. பிரான்சில் ஜோர்ஜ் மெலியஸ் 1899 இல் எடுத்த சின்ட்ரெல்லா படத்திலேயே அது இருக்கிறது. அவர் மேடையில் மாயவித்தை காட்டியவர். நான் பட்ட பாட்டைப் பார்த்தால் அது மாயவித்தைக்காரர் கண்ட வேலை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

என் கொம்பியூட்டரில் பல வருடங்களாக நான் பாவித்து வந்த எடிட்டிங் மென்பொருள் ஒன்று இருந்தது. அதில் காட்சியைக் கரைக்க, இரண்டாவது துண்டைப் பிடித்து முதல் துண்டின் வாலின் மேல் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும். எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு நேரம் கரையும். புடைவைக்கு ஒட்டுப்போடுவது போல, ஒன்றின் மேல் ஒன்று. இந்த வேலை தொடங்கியபோதுதான் மகன் அதை அப்டேட் செய்து தந்தான். திறந்து பார்த்தால் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. ஏற்றிவிடும் முறையே இல்லை. இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதை இழுத்தால் சில இடத்தில் நீளும், சில இடத்தில் அரைச் செக்கனுக்கு மேல் அசையாது. ஏன் அசையவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாது. எங்கள் நாட்டுக் கெசட் செக்கனுக்கு 25 பிரேம். அதுவோ தானாகவே 30 இல் திறந்துகொண்டது. அதைத் திருத்தவே ஒரு நாள் போனது.

துண்டுகளையெல்லாம் வெட்டி, சாச்சியின் மகள் வரும் இடங்களை நீக்கி, ஒவ்வொரு பொருத்திலும் ஒரு செக்கன் கரைதல் போட்டு முடித்தேன். அனுப்புவதற்கு முன் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு பிரேமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலில் நிற்கும் எங்கள் வாப்பாவின் காட்சி. அது முடிகின்ற இடத்தில், வாப்பாவின் முகத்தின் மேலே, ஆவிபோல அவள் முகம்! சிரித்துக்கொண்டே மேலெழுந்து, பன்னிரண்டு பிரேமில் மறைந்து போனாள். ஓடவிட்டுப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு மினுக்கம்போலத்தான் தெரியும். ஆனால் நிறுத்திப் பார்க்கிறவனுக்கு முகம் தெளிவாகவே தெரியும். நான் வெட்டி எறிந்த காட்சி எப்படித் திரும்பி வந்தது?

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் எடுத்தன. விஷயம் இதுதான். கொம்பியூட்டரில் நாம் "வெட்டுகிறோம்" என்பது உண்மையில் வெட்டுவதல்ல. படம் முழுதாக அப்படியே இருக்கிறது. எங்கிருந்து எதுவரை காட்டவேண்டும் என்ற குறிப்பை மட்டும்தான் மாற்றுகிறோம். மடித்துத் தைத்த பாவாடை ஓரத்தைப் போல, மிச்சத் துணி உள்ளேயே இருக்கும். பழைய பதிப்பு, வெளியே தெரிகின்ற துணியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது. அதனால் ஒவ்வொரு பொருத்திலும் ஒரு செக்கன் குறைந்து, படம் மொத்தத்தில் சுருங்கும்; அடியில் தனியாகப் போட்ட பாட்டு பிந்திப்போகும். புதிய பதிப்பு, படத்தின் நீளம் குறையக்கூடாதென்று மடிப்பைப் பிரித்துவிடுகிறது. ஒரு செக்கன் கரைய, முதல் துண்டின் வெட்டுக்கு அப்பால் அரைச் செக்கனையும், இரண்டாவதின் வெட்டுக்கு முன்னால் அரைச் செக்கனையும் எடுத்துக்கொள்கிறது. உள்ளே துணி இல்லாத இடத்தில், அதாவது பதிவே அங்கேதான் தொடங்கியது என்றால், பெட்டி நீளாது. அது அசையாமல் நின்றதற்கும், இவள் எழுந்து வந்ததற்கும் ஒரே காரணம்தான்.

சத்தமும் அப்படியே. ஒரு பொருத்தில் அவள் முகம் வரவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழகிய கை தடுமாறுவது எனக்கு மட்டும் நடந்த காரியமல்ல. 2007 இல் அப்பிள் கம்பனி ஐமூவியை அடியோடு மாற்றி வெளியிட்டபோது பழகியவர்கள் பலர் குறைப்பட்டார்கள். முன்னைய பதிப்பையும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கம்பனியே இடம் கொடுத்தது. 2011 இல் அதே கம்பனி பைனல் கட் புரோவைப் புதிதாக எழுதியபோது, பழைய பதிப்பில் செய்த வேலைகளைப் புதியதில் திறக்கவே முடியவில்லை. 2000 ஆம் ஆண்டில் விண்டோஸோடு வந்த மூவி மேக்கரை மைக்ரோசொப்ட் 2017 ஜனவரியில் ஒரேயடியாக நிறுத்தியது. செய்கிறவர்களுக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு மாற்றம் மறைந்திருப்பதை வெளியே காட்டுமென்றால், அதைத் திறக்கும்போதே ஒரு வரியில் சொல்லவேண்டாமா? நமக்கு ஒரு பிள்ளையின் முகம், அவர்களுக்கு வெறும் உபரி பிரேம்.

நான் கடைசியில் செய்தது இதுதான். நல்ல துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தனிப் படமாக வெளியே எடுத்தேன். அப்படி எடுக்கும்போதுதான் மடிப்புக்குள் இருந்தது உண்மையாகவே அற்றுப்போகிறது. பிறகு ஒரு புதிய வேலையைத் திறந்து அந்தத் துண்டுகளை மட்டும் உள்ளே கொண்டுவந்தேன். கரைதல் போட்டால், போதிய படம் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றவா என்று மென்பொருள் கேட்டது. சரியென்றேன், பாட்டை மறுபடி இழுத்துப் பொருத்தினேன். இன்னொன்றையும் சகோதரிகள் கவனிக்கவேண்டும். முடிந்த படத்தைத்தான் பிறருக்குக் கொடுக்கவேண்டும். வேலை செய்த கோப்புறையை அப்படியே கொடுத்தால் வெட்டியது எல்லாம் அதற்குள் இருக்கும். சில டெலிபோன்களில் வீடியோவின் முனையைக் கத்தரித்தாலும் பழையபடி மீட்கின்ற வசதி உண்டு. அந்த டெலிபோனை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது நினைவிருக்கட்டும்.

வாப்பாவின் காட்சி பற்றிச் சொல்லவேண்டும். அவர் 2004 இல் மௌத்தானார். கெசட் முழுவதிலும் அவர் கமெராவை நேராகப் பார்ப்பது ஒரேயொரு இடத்தில்தான். வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பவர், யார் வருகிறார்கள் யார் வரவில்லை என்ற யோசனையோடு, ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார். சாச்சியின் மகளை நீக்கிய பிறகு அதில் மிஞ்சியது 40 பிரேம். ஒன்றரைச் செக்கனுக்குக் கொஞ்சம் கூட. இரண்டு பக்கமும் ஒரு செக்கன் கரைதல் போட்டால், புதிய முறையில் அவர் முகம் கலப்பில்லாமல் தெரிவது வெறும் 15 பிரேமுக்கு. ஏற்றும் முறையில் அதுவும் இல்லை. இரு பக்கமும் சேர்ந்து 50 பிரேம் கேட்கும், இருப்பதோ 40. கரைதலை அரைச் செக்கனாக்கிப் பார்த்தேன், கால் செக்கனாக்கிப் பார்த்தேன். எவ்வளவு குறைத்தாலும் இரு ஓரத்திலும் வேறு யாராவது அவர் முகத்தில் கலந்துவிடுகிறார்கள். இரண்டு பெட்டியையும் அழித்துவிட்டேன். மண்டபம், சட்டென்று வாப்பா, சட்டென்று சாப்பாட்டுச் சஹன். மகன் பார்த்துவிட்டு, "உம்மா, இந்த இடம் துள்ளுது" என்றான். துள்ளட்டும் என்றேன். நாற்பது பிரேமும் வாப்பாவுக்கே இருக்கட்டும்.

இதயங்களில்தான் கை வைக்க வழியில்லாமல் போனது. அவை ஸ்டூடியோக்காரர் அன்றே கெசட்டில் பதித்தவை. உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் இன்று பிரிக்கமுடியாது. இரண்டு இதயத்தில் மாப்பிள்ளை உள்ளே இருந்து வர, சாச்சியின் மகள் ஓரத்தில் நின்று பூவைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். அந்த இரண்டையும் முழுதாக நீக்கினேன்.

படத்தை முதலில் சாச்சியின் மகளுக்குத்தான் அனுப்பினேன். அவள் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மறுநாள் சரியென்று சொன்ன பிறகே மெல்பேர்னுக்குப் போனது. மகளிடமிருந்து சந்தோஷமாகப் பதில் வந்தது. தாத்தாவுக்குத்தான் குறை. "ஆறு இதயம் போட அந்த மனிசனுக்கு வாப்பா தனியாக் காசு குடுத்தாரு. ரெண்டு எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வலீமாக் கெசட் இன்னும் பாக்கி. கடற்காற்றில் அதன் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. அதைத் துடைத்து எடுத்தால் அதில் எத்தனை இதயம் இருக்கிறதென்று பார்க்கலாம். அதுவரை டெக்கைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.