ஆஸ்பத்திரி விரதம்

பட்டினி கிடப்பதற்கு நம்மவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. ஏகாதசி, சஷ்டி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று ஏதாவது ஒரு விரதம் எப்போதும் கைவசம் இருக்கிறது. இவற்றில் பலகாரம் பண்ணிக்கொண்டு இருக்கும் விரதம் ஒரு தினுசு. துளி ஜலமும் பல்லில் படாமல் இருக்கும் விரதம் இன்னொரு தினுசு. பின்னதற்கே புண்ணியம் அதிகம் என்பது பொது அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் வீட்டோடும் கோவிலோடும் நின்றால் நமக்கு ஆட்சேபமில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளும் அது நுழைந்து, ரண சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளியின் தலையில் ஏறிக்கொள்ளும்போதுதான் சங்கடம் உண்டாகிறது.

நம்முடைய பெரியம்மாவுக்குத் திருமயத்தை அடுத்த ஒரு கிராமம். 68 வயதில் அவருக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டு, புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "இரவு பத்து மணிக்கு மேல் ஆகாரம் வேண்டாம், காலை ஆறு மணி வரையில் தண்ணீர் குடிக்கலாம்" என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சுற்றி நின்ற உறவினர்களின் காதில் "வேண்டாம்" என்ற சொல் மட்டுமே விழுந்தது. சித்திரை மாதம், புதுக்கோட்டை வெயில். ஒன்பது மணிக்கு நடக்க வேண்டிய சிகிச்சை, விபத்தில் அடிபட்ட ஒருவர் வந்து சேர்ந்ததால் இரண்டு மணிக்குத் தள்ளிப் போயிற்று. பெரியம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பதினொரு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் வந்து, "கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது?" என்று கேட்டார். "நேற்று ராத்திரி பத்து மணிக்கு! அப்புறம் ஒரு சொட்டுப் படவில்லை" என்று உறவினர்கள் பெருமையுடன் தெரிவித்தார்கள். வைத்தியர் பெரியம்மாவைப் பார்த்து, "அம்மா, இது என்ன தண்டனை? இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள்" என்றார். விஷத்தைக் கொடுக்கச் சொன்னது போல் எல்லோரும் விழித்தார்கள். பெரியம்மா மட்டும் விழிக்கவில்லை. தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டார்.

அடுத்த கட்டிலில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன். அவனுடைய பாட்டி மனம் பொறுக்காமல் அரைத் தம்ளர் பாலை இரகசியமாகப் புகட்டியிருந்தார். கேட்டபோது, "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சாதித்தார். பையனுடைய மேலுதட்டில் இருந்த வெள்ளை மீசை உண்மையைச் சொல்லிவிட்டது. அவனுக்குச் சிகிச்சை ஒத்திப் போடப்பட்டது. உறவினர்களின் கடுமையும் பாட்டியின் கருணையும் ஒரே வேரில் முளைத்தவை. தண்ணீரும் பாலும் வயிற்றுக்குள் ஒன்றல்ல என்பதை இரு தரப்பாரும் அறியவில்லை.

விழித்திருக்கும்போது உணவு மூச்சுக் குழலுக்குள் போகாதபடி தொண்டை காவல் காக்கிறது. புரையேறினால் இருமித் தள்ளுகிறோம். மயக்க மருந்து கொடுத்ததும் இந்தக் காவலும் உறங்கிவிடுகிறது. அப்போது வயிற்றிலுள்ளது மேலே வந்தால் சுவாசப்பையில் இறங்கிவிடும். கட்டியான உணவு மூச்சை அடைக்கும். வயிற்றின் அமிலம் சுவாசப்பையைப் புண்ணாக்கும். பிரசவத்தின்போது மயக்க மருந்து பெற்ற பெண்களிடம் இந்த ஆபத்தைக் கண்டு, அமெரிக்க வைத்தியர் மெண்டெல்சன் 1946-ல் விவரமாக எழுதினார். பிறகு "நள்ளிரவுக்கு மேல் எதுவுமே கூடாது" என்ற விதி உலகெங்கும் பரவிற்று. பயம் நியாயமானதே, விதிதான் அளவு மீறிவிட்டது.

ஏனெனில், புகழ்பெற்ற ரண வைத்தியர் லிஸ்டர் 1883-லேயே, கட்டியான உணவு வயிற்றில் இருக்கக்கூடாது, ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு கோப்பைத் தேநீர் நன்மையே செய்யும் என்று எழுதியிருந்தார். கனடாவில் மால்ட்பி என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1986-ல் இதைச் சோதித்தார்கள். சிகிச்சைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு 150 மில்லி தண்ணீர் குடித்தவர்களின் வயிற்றில், குடிக்காதவர்களின் வயிற்றில் இருந்ததைவிடக் குறைவாகவே நீர் இருந்தது! இதில் மாயம் ஒன்றுமில்லை. உண்ணாவிட்டாலும் வயிறு தன் ரசத்தைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. தண்ணீரோ அதிக நேரம் தங்குவதில்லை. குடித்ததில் பாதி, அரைமணிக்குள்ளாகவே கீழே இறங்கிவிடும். பால் அப்படியல்ல. வயிற்று அமிலம் பட்டதும் திரைந்து கட்டியாகி, சோற்றைப் போல் தங்கிவிடுகிறது.

ஆகவே 1999-ல் அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர்களின் சங்கம் விதியைத் திருத்தி வகுத்தது. தெளிந்த பானத்துக்கு 2 மணி. தாய்ப்பாலுக்கு 4 மணி. மற்றப் பாலுக்கும் எளிய சிற்றுண்டிக்கும் 6 மணி. பொரித்த பண்டத்துக்கும் மாமிசத்துக்கும் 8 மணியோ அதற்கு மேலோ. பிற தேசத்தாரும் ஏறக்குறைய இதையே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தெளிந்த பானத்தை ஒரு மணி முன்பு வரையில் அனுமதிக்கலாம் என்று ஐரோப்பிய வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

தெளிந்த பானம் எது? தண்ணீர், பால் சேர்க்காத காபி, தேநீர், சக்கையில்லாமல் வடிகட்டிய பழரசம். (பால் இல்லாத காபியைவிடப் பட்டினியே மேல் என்பவர்களுடன் நாம் வாதாடப் போவதில்லை.) மோர், கஞ்சி, கூழ், நீராகாரம் ஆகியவை எவ்வளவு நீர்த்திருந்தாலும் இந்த ஜாதியில் சேரா. இளநீரைப் பற்றி வைத்தியரையே கேட்டுக்கொள்வது உத்தமம்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் செம்பைத் தூக்கவேண்டாம். வெகுநாள் நீரிழிவு உள்ளவர்கள், அடிக்கடி நெஞ்சில் புளித்து எதுக்களிப்பவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், பிரசவ வலி கண்டவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள் ஆகியோருக்கு வயிறு மந்தமாகவே காலியாகலாம். உடல் இளைப்பதற்கும் சர்க்கரைக்கும் இப்போது வாரம் ஒருமுறை போடும் சில ஊசிகளும் வயிற்றை மந்தப்படுத்தும். இவர்களுக்கு விதி வேறு. மறைக்காமல் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில், சமண முனிவர்கள் தவமிருந்த கற்படுக்கைகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கின்றன. உபவாசத்தில் அவர்களை மிஞ்சியவர் உண்டா? அந்தச் சமண நெறியிலும் நீர் அருந்தி இருக்கும் நோன்பு, நீரையும் விலக்கும் நோன்பு என்று பாகுபாடு உண்டு. ஆஸ்பத்திரியில் நமக்கு விதிக்கப்படுவது பெரும்பாலும் முதல் வகை. அதை இரண்டாம் வகையாக்கினால் மிஞ்சுவது புண்ணியமல்ல. தலைவலியும் மயக்கமும், ஊசி ஏற்ற அகப்படாத நரம்புந்தான். முதியவர்களும் குழந்தைகளும் இதில் அதிகமாக வாடுகிறார்கள்.

1912-ல் டாக்டர் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் இது. 2017 முதல் இங்கே அரசாங்க மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வைத்தியரிடம் வாய் திறந்து கேட்க இந்த ஊரார் கூச வேண்டியதில்லை. கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே: சாப்பாட்டை எப்போது நிறுத்தவேண்டும்? தண்ணீரை எப்போது நிறுத்தவேண்டும்? சிகிச்சை தள்ளிப்போனால் மறுபடி குடிக்கலாமா? கிடைக்கும் பதிலை ஒரு காகிதத்தில் குறித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டால், பார்க்க வரும் அத்தையும் சித்தப்பாவும் ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்ல இடமிராது.